மறுப்பில் பிறந்த 'மிகாடோ'



1884-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், லண்டனில் ஓர் இசையமைப்பாளர் தம் கூட்டாளியிடம் "முடியாது" என்றார். கூட்டாளி கொண்டுவந்திருந்தது ஒரு புதுக் கதை. அதில் ஒரு மாய மாத்திரை வரும். அதை விழுங்கியவர் எதுவாக வேடம் போடுகிறாரோ அதுவாகவே மாறிவிடுவார். இப்படிப்பட்ட கதைக்கு இனி என்னால் இசையமைக்க இயலாது என்று ஆர்தர் சல்லிவன் சொல்லிவிட்டார். கதை சொன்ன டபிள்யூ. எஸ். கில்பர்ட்டுக்கு அது பெரிய அடி. பத்தாண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்து, லண்டனையும் நியூயார்க்கையும் தங்கள் பாட்டைப் பாட வைத்தவர்கள் இவர்கள்.

அடுத்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி இதே இருவரும் 'மிகாடோ' என்ற நகைச்சுவை ஓப்பராவை அரங்கேற்றினார்கள். அது 672 காட்சிகள் ஓடியது. இன்றும் உலகில் எங்காவது யாராவது அதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மறுப்புக்கும் இந்த அரங்கேற்றத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் மைக் லீ 1999-இல் எடுத்த 'டாப்சி-டர்வி' படம். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கூட்டுப் படைப்பைப் பற்றி நான் பார்த்த படங்களில் இவ்வளவு உண்மையான படம் வேறில்லை என்பது என் எண்ணம். ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு கலைஞனுக்கு அவனுடைய கூட்டாளி தரக்கூடிய மிகப் பெரிய கொடை, சரியான நேரத்தில் சொல்லும் மறுப்பு. இந்தப் படம் அதைப் புரிந்துகொண்டிருக்கிறது.

முதலில் ஆட்களை அறிமுகப்படுத்துகிறேன். கில்பர்ட் வழக்கறிஞர் தொழில் செய்து பார்த்து, அதில் சோபிக்காமல் எழுத்துக்கு வந்தவர். நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு வேடிக்கைக் கவிதைகள் எழுதி, அவற்றுக்குப் படமும் தாமே வரைந்தார். உலகத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு, அந்தத் தலைகீழ் உலகத்துக்குள் கறாரான தர்க்கத்தோடு நடந்துபோவது அவர் பாணி. சல்லிவன் ராணுவ வாத்தியக் குழுத் தலைவர் ஒருவரின் மகன். அரச தேவாலயத்தில் சிறுவனாகப் பாடி, மெண்டல்சன் பெயரிலான உதவித்தொகையை முதன்முதலில் பெற்று, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படித்தவர். 1883-இல் அவருக்கு நைட் பட்டம் கிடைத்தது. சர் பட்டம் பெற்றவர் இன்னும் வேடிக்கைப் பாட்டுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டிருக்கலாமா, பெரிய ஓப்பரா எழுத வேண்டாமா என்று இசை உலகத்தினர் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி அவருக்குள்ளும் இருந்தது.

மூன்றாமவர் ரிச்சர்ட் டோய்லி கார்ட். இருவரையும் கட்டிப்போட்ட தயாரிப்பாளர் இவர். 1881 அக்டோபரில் சவாய் அரங்கைக் கட்டித் திறந்தார். முழுவதும் மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம் என்று அது பெயர் வாங்கியது. மின்சாரத்தைக் கண்டு மக்கள் பயந்த காலம் அது. எரிந்துகொண்டிருந்த ஒரு மின்குமிழை மேடையில் எல்லாரும் பார்க்க உடைத்துக்காட்டி, ஆபத்தில்லை என்று நிரூபித்தார் கார்ட். 1883-இல் எழுத்தாளரோடும் இசையமைப்பாளரோடும் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டார். ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் புது நாடகம் தந்தாக வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே 1884-இல் சல்லிவன் சொன்ன மறுப்பு ஒப்பந்தத்தை மீறுவதற்கு ஓர் அடி முன்னால் நின்றது.

படம் 1884 ஜனவரியில், இவர்களுடைய 'பிரின்சஸ் ஐடா' ஓப்பரா அரங்கேறும் நாளில் தொடங்குகிறது. சிறுநீரக நோயால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் சல்லிவன் எழுந்து, உடுத்தி, அரங்குக்குப் போய் வாத்தியக் குழுவை நடத்துகிறார். சல்லிவனாக நடித்த ஆலன் கார்டுனரின் முகத்தில் வலியும் தொழில் பெருமையும் ஒன்றாக நிற்பதைப் பாருங்கள். இந்த உடம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும், அதற்குள் நான் எழுத வேண்டியதை எழுதிவிடுவேனா என்ற அவசரம் அவருக்கு வந்துவிட்டதென்று அந்த முகமே சொல்லிவிடும். கில்பர்ட்டுக்கு வேறு காயம். பத்திரிகை விமர்சனம் ஒன்று அவரைத் தலைகீழ் உலகத்தின் அரசன் என்று வர்ணிக்கிறது. பாராட்டுப்போல இருந்தாலும், பழையதையே திருப்பிச் செய்கிறார் என்ற குத்தல் அதில் இருக்கிறது. ஜிம் பிராட்பென்ட் அதைப் படிக்கும் விதத்தில் அந்த மனிதரின் மொத்த வீம்பும் தெரிந்துவிடுகிறது. இந்த நடிப்புக்காக அவருக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

அடுத்து அந்த மறுப்புக் காட்சி. இருவரும் மிக மரியாதையாக உட்கார்ந்து பேசுகிறார்கள். குரல் உயர்வதில்லை. நல்ல தேநீர், நல்ல நாற்காலி, நல்ல ஆங்கிலம். சல்லிவன் கேட்பது இதுதான்: நடக்கக்கூடிய ஒரு கதை, மனித உணர்ச்சிக்கு இடமுள்ள ஒரு கதை. உங்கள் சொற்களின் ஒவ்வோர் அசையும் கேட்க வேண்டும் என்பதற்காக என் இசையை நான் அடக்கி அடக்கியே வைத்திருக்கிறேன் என்ற குறை, உண்மையான சல்லிவனின் கடிதங்களிலும் இருக்கிறது. கில்பர்ட்டுக்கு இது விளங்கவில்லை. சொல்லைத் தாங்குவதுதானே இசையின் வேலை என்று நினைப்பவர் அவர்.

இங்கே அவர்கள் வேலை செய்த முறையையும் சொல்ல வேண்டும். கில்பர்ட் முதலில் பாட்டை எழுதுவார். அது சல்லிவனுக்குப் போகும். சல்லிவன் உடனே மெட்டுக்குப் போகமாட்டார். வரிகளின் தாளத்தைப் புள்ளியும் கோடுமாகப் பலவிதமாகப் போட்டுப் பார்த்து, ஒரு தாளம் முடிவான பிறகே மெட்டு. எழுதியதற்கு மெட்டமைக்கும் இந்த முறையில் இசையமைப்பாளரின் சுதந்திரம் முழுக்கத் தாளத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. எல்லாரும் எதிர்பார்க்கும் சந்தத்தை விட்டு வேறொன்றைப் பிடிப்பார் சல்லிவன். நாம் கூட்டு உழைப்பு என்று வாழ்த்தும் இடத்தில், உள்ளே ஒரு சிறு எதிர்ப்பு ஒவ்வொரு வரியிலும் நடந்துகொண்டிருந்தது. அந்த எதிர்ப்பால்தான் அந்தப் பாட்டுகள் இன்றும் பழசாகவில்லை.

மாய மாத்திரைக்கு மறுப்பு வந்த பிறகு கதை எங்கிருந்து வந்தது? படத்தின் விடை ஒரு வாள். லண்டன் நைட்ஸ்பிரிட்ஜில் ஜப்பானியக் கிராமம் என்று ஒரு கண்காட்சி. மனைவி லூசியின் வற்புறுத்தலால் கில்பர்ட் அங்கே போகிறார். வாங்கிவந்த வாள் ஒருநாள் வீட்டுச் சுவரிலிருந்து விழுகிறது. அதைக் கையில் எடுக்கிறார்; முகம் மாறுகிறது. அழகான காட்சி. ஆனால் சரித்திரம் வேறு மாதிரி. அந்தக் கண்காட்சி திறந்தது 1885 ஜனவரி 10-ஆம் தேதி. கில்பர்ட் அதற்கு முன்பே, 1884-இன் பிற்பகுதியிலேயே, 'மிகாடோ'வை எழுதத் தொடங்கிவிட்டார். ஜப்பானியப் பொருள்களின் மோகம் லண்டனை எப்போதோ பிடித்துவிட்டது. திரும்பிய பக்கமெல்லாம் விசிறியும் பட்டும் பீங்கானும் இருந்த நகரத்தில் அந்த எண்ணத்துக்காக ஒரு வாள் விழவேண்டிய தேவை இல்லை.

இந்தக் காட்சிக்காக நான் மைக் லீயைக் குறை சொல்லமாட்டேன். வாள் விழுந்த கதை வெகுகாலமாகவே வழங்கி வருவதுதான். ஆனால் உண்மை இன்னும் சுவையானது என்று நினைக்கிறேன். 1884 மே மாதத்தில், மாயமந்திரம் எதுவும் இல்லாத கதை ஒன்று எழுதித் தருகிறேன் என்று கில்பர்ட் ஒப்புக்கொண்டார். சல்லிவன் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். 'மிகாடோ'வின் கதவு திறந்தது அந்தக் கடிதப் போக்குவரத்தில்தான். சல்லிவன் மாத்திரையை ஏற்றுக்கொண்டிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது இன்னொரு மாத்திரை நாடகம். ஏற்கெனவே 1877-இல் வந்த அவர்களுடைய 'தி சார்சரர்' நாடகத்தில் ஊர்மக்கள் தேநீரில் காதல் மருந்தைக் குடித்து மயங்குகிறார்கள். சல்லிவன் அஞ்சியது அந்தப் பழைய பாதையைத்தான்.

இனி ஒத்திகைக்கு வருகிறேன். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மைக் லீ அதுவரை எடுத்ததெல்லாம் பெரும்பாலும் சமகால இங்கிலாந்தின் எளிய குடும்பங்களைப் பற்றிய படங்கள். 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' 1996-இல் கான் விழாவின் உயர்ந்த விருதைப் பெற்றது. எழுதி முடித்த திரைக்கதையோடு அவர் வேலையைத் தொடங்குவதில்லை. நடிகர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, பாத்திரத்தை அவர்களுக்குள் வளர்த்து, அவர்கள் பேசிப்பேசிப் பிடித்த வசனத்தை இறுக்கிக் காட்சியாக்குகிறார். அந்த முறையை நூறாண்டுக்கும் மேல் பழைய மனிதர்களிடம் கொண்டுபோனபோது, நடிகர்கள் ஒவ்வொருவரும் தாம் ஏற்ற சரித்திர மனிதரைப் பற்றித் தேடிப் படித்தார்கள். பாட்டுகளையும் தாங்களே பாடினார்கள். ஆகவே மேடையில் வரும் குரல், கொஞ்ச நேரத்துக்கு முன் ஒப்பனை அறையில் சம்பளத்தைப் பற்றிப் பேசிய அதே குரல்.

கில்பர்ட் ஒத்திகைக்கு வரும்போது எல்லாம் முடிவாகியிருக்கும். வீட்டில் சிறிய மாதிரி மேடை ஒன்றை வைத்து, மரத்துண்டுகளை நடிகர்களாக நகர்த்திப் பார்த்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு வருபவர் அவர். படத்தில் ஒரு நீண்ட காட்சி உண்டு. சில நடிகர்களை உட்காரவைத்து ஒரு சின்ன வசனப் பகுதியைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார். எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே மூச்சு, எந்த இடத்தில் தலையசைப்பு. கேமரா அவசரப்படுவதில்லை. ஒரு வரி தவறாக வருகிறது, மறுபடி தவறாக வருகிறது, பிறகு சரியாகிறது. சரியான அந்த நொடியில் பார்க்கிற நமக்கும் நிம்மதி வருகிறது. உழைப்பைக் காட்டுவதற்குப் பதிலாக உழைப்பின் பலனை மட்டும் காட்டும் படங்கள் ஏராளம். இந்தக் காட்சி நான் சினிமாவில் மிக மதிக்கும் காட்சிகளில் ஒன்று.

மூன்று பள்ளி மாணவிகள் பாடும் பாட்டுக்காகக் கண்காட்சியிலிருந்து ஜப்பானியப் பெண்களையே ஒத்திகைக்கு வரவழைக்கிறார் கில்பர்ட். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. இவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. நடக்கச் சொல்கிறார், விசிறியைப் பிடிக்கச் சொல்கிறார். நடன ஆசிரியர் டோபன் ஏற்கெனவே அமைத்துவைத்த ஆட்டம் கலைகிறது. அவர் மனம் நோகிறது. ஆனால் அந்தப் பெண்களின் குறுகிய அடிகளைப் பார்த்த நடிகைகளின் கால் மாறுகிறது. அந்த மாற்றம் நம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

அதே சமயம் அந்த ஜப்பானியப் பெண்களின் முகத்தையும் கேமரா கவனிக்கிறது. தாங்கள் எதற்காக இங்கே நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. 'மிகாடோ' உண்மையில் கேலி செய்வது ஆங்கிலேய அதிகாரிகளையும் சட்டங்களையும்தான். ஆனாலும் வெள்ளைக்காரர்கள் முகத்தை மாற்றிக்கொண்டு ஜப்பானியராக ஆடுவது ஆசிய மக்களைப் புண்படுத்துகிறது என்ற எதிர்ப்பு வலுத்திருக்கிறது. 2015-இல் நியூயார்க்கில் ஒரு குழு அப்படிப்பட்ட தயாரிப்பை எதிர்ப்புக்குப் பிறகு கைவிட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. நடிகர்கள் சிப்பி உணவை ருசித்துக்கொண்டே சூடானின் கார்ட்டூம் நகரில் ஆங்கிலேயத் தளபதி கார்டன் கொல்லப்பட்ட செய்தியைப் பற்றிக் கொதித்துப் பேசும் காட்சியையும் மைக் லீ வைத்திருக்கிறார். பேரரசின் நடுவில் உட்கார்ந்து தூரத்து மக்களைப் பற்றி எவ்வளவு எளிதாகப் பேச முடிந்தது என்பதை அந்த உணவு மேசையில் பார்க்கலாம்.

ஒத்திகைகளுக்குள்ளும் மறுப்புகள் வருகின்றன. டர்வர்ட் லெலி என்ற பாடகர், தமக்குத் தைத்த ஜப்பானிய உடைக்குள் இடுப்புக்கச்சு அணியக்கூடாது என்று தெரிந்ததும் வாதாடுகிறார். அது இல்லாமல் மூச்சைத் தாங்கிப் பாட முடியாது என்பது அவர் கட்சி. கில்பர்ட் அசையவில்லை, லெலி தோற்கிறார். ஆக, எல்லா மறுப்பும் வெல்வதில்லை. தனக்காகச் சொல்லும் மறுப்பும் நாடகத்துக்காகச் சொல்லும் மறுப்பும் வேறு வேறு என்பதைப் படம் பேசாமலே காட்டிவிடுகிறது.

நாடகத்துக்காகச் சொன்ன மறுப்பு எது என்றால், ரிச்சர்ட் டெம்பிளுக்காகக் கோரஸ் சொன்னது. டெம்பிள் மிகாடோவாக, அதாவது ஜப்பானியப் பேரரசராக நடிப்பவர். இரண்டாம் அங்கத்தில் அவருக்கு ஒரே ஒரு பெரிய பாட்டு. கடைசி முழு ஒத்திகை முடிந்ததும் கில்பர்ட் அந்தப் பாட்டை வெட்டிவிடுகிறார். டெம்பிளாக நடித்த டிமத்தி ஸ்பால் அந்த இடத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். எதிர்த்துப் பேசுவதில்லை. தொழில் தெரிந்த மூத்த நடிகர் ஒருவர், அரச உடையில் நின்றபடி, தம் முகம் உடைந்துவிடாமல் காப்பாற்றப் பார்க்கிறார். முழுவதும் காப்பாற்ற முடியவில்லை.

பிறகு கோரஸ் பாடகர்கள் சேர்ந்து கில்பர்ட்டிடம் போகிறார்கள். கூட்டத்தில் ஒருவராக நின்று பாடுகிறவர்கள், பெயர் பெரிய எழுத்தில் வராதவர்கள், இந்த மனிதரின் கோபத்துக்கு நடுங்குகிறவர்கள். அந்தப் பாட்டு வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். கில்பர்ட் நின்று கேட்டு, பாட்டைத் திருப்பித் தருகிறார். இது கற்பனையல்ல, கோரஸ் கேட்டுக்கொண்டதால் அந்தப் பாட்டு தப்பியது என்பது அந்த நாடகத்தின் வரலாற்றில் பதிவான செய்தி. தம் முடிவில் மலைபோல நிற்பவர் என்று பெயரெடுத்த ஒருவர், தம் குழுவில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ளவர்களின் பேச்சைக் கேட்டார். கில்பர்ட் மீது எனக்கு மரியாதை பிறந்த இடம் இது.

படத்தில் கில்பர்ட்டும் சல்லிவனும் ஒன்றாக வரும் காட்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒருவர் வீட்டில் எழுதுகிறார், ஒருவர் பாரிசில் பொழுதுபோக்குகிறார். ஒருவர் நடிகர்களைப் பழக்குகிறார், ஒருவர் வாத்தியக்காரர்களைப் பழக்குகிறார். இவர்கள் நண்பர்களாக இருந்ததில்லை என்றே படம் சொல்கிறது. வரலாறும் அதை மறுக்கவில்லை. அவர்களை இணைத்தவை தபாலும், ஒப்பந்தமும், கார்ட்டின் செயலாளர் ஹெலன் லெனோயரின் பொறுமையும், மேடையும்தான்.

படம் முடிகிற இடத்துக்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் என் கருத்து இன்னும் தெளிவாகும். 1889-இல் 'தி கோண்டலியர்ஸ்' பெரும் வெற்றி. மறு ஆண்டே சண்டை. அரங்குக்கு வாங்கிய புதுக் கம்பளத்தின் செலவைத் தங்கள் கணக்கிலும் கார்ட் பிடித்துவிட்டார் என்று கில்பர்ட் கொதித்தெழுந்தார்; சல்லிவன் கார்ட்டின் பக்கம் நின்றார். நீதிமன்றம் வரை போனது. கதையைப் பற்றிய மறுப்பு அவர்களை உயர்த்தியது. கணக்கைப் பற்றிய சண்டை அவர்களைப் பிரித்தது.

பிரிந்தபின் இருவரும் என்ன செய்தார்கள்? மற்றவர் தடுத்துவைத்திருந்த ஆசையை ஆளுக்கொரு பக்கமாக நிறைவேற்றிக்கொண்டார்கள். சல்லிவன் தாம் ஏங்கிய பெரிய ஓப்பராவை எழுதினார். வால்டர் ஸ்காட்டின் நாவலைத் தழுவிய 'ஐவன்ஹோ', 1891 ஜனவரியில் கார்ட் அதற்கென்றே கட்டிய புது அரங்கில் தொடங்கியது. ஓப்பராவுக்கு அது நீண்ட ஓட்டம்தான், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள். ஆனால் அந்த அரங்கைத் தாங்க அது போதவில்லை. சீக்கிரமே கட்டடம் கைமாறி, பல்சுவை நிகழ்ச்சிகள் நடக்கும் இடமாகிவிட்டது. கில்பர்ட் தம் பழைய மாய மாத்திரையைத் தூசிதட்டி எடுத்தார். மாத்திரை மருந்தாக மாறியது, அவ்வளவுதான். ஆல்ஃபிரட் செல்லியர் இசையில் 'தி மவுண்ட்பேங்க்ஸ்' 1892 ஜனவரியில் வந்தது. 229 காட்சிகள் ஓடியது. மோசமான எண்ணிக்கை இல்லை. ஆனாலும் இன்று 'ஐவன்ஹோ'வையோ 'மவுண்ட்பேங்க்ஸ்'ஐயோ மேடையில் பார்க்க நீங்கள் வெகுகாலம் காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாதபோது இருவரும் எழுதியவை அவை. பிறகு 1893-இலும் 1896-இலும் மீண்டும் சேர்ந்தார்கள். பழைய உரசல் திரும்பவில்லை. மரியாதை கூடியிருந்தது, வேகம் போய்விட்டது.

'டாப்சி-டர்வி'க்கு உடைக்கும் ஒப்பனைக்குமாக இரண்டு ஆஸ்கர் கிடைத்தன. பெரும்பாலும் அறைகளுக்குள்ளேயே எடுத்த படம் இது. தெருவை அதிகம் காட்டாமலே துணியாலும் விளக்காலும் ஒரு காலத்தைக் கட்டியெழுப்பியவர்களுக்கு அந்த விருது சேரவேண்டியதுதான். மைக் லீக்கும் இந்த நாடகங்களின் மேல் ஆசை விடவில்லை. 2015-இல் இங்கிலீஷ் நேஷனல் ஓப்பராவுக்காகக் கில்பர்ட்-சல்லிவனின் 'தி பைரட்ஸ் ஆஃப் பென்சன்ஸ்' நாடகத்தை அவரே இயக்கினார்.

பெண்களைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. படம் தன் கடைசிப் பகுதி முழுவதையும் அவர்களிடம்தான் ஒப்படைக்கிறது. அரங்கேற்ற இரவில் கில்பர்ட் அரங்குக்குள் உட்கார முடியாமல் இருட்டுச் சந்துகளில் அலைகிறார், உள்ளே ஆரவாரம். எல்லாம் வெற்றி. அதற்குப் பிறகு மூன்று பெண்கள். சல்லிவனின் தோழி ஃபேனி ரொனால்ட்ஸ், தான் கருவுற்றிருப்பதையும் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டதையும் அமைதியாகச் சொல்கிறார். நடிகை லியோனரா பிரஹாம், சின்ன மகனை வைத்துக்கொண்டு தனியாக வாழ்பவர், மதுவோடு கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறார். பிறகு அவர் மேடையில் பாடுகிறார். அவராக நடித்த ஷெர்லி ஹெண்டர்சனின் குரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம், நேரமில்லை.

இவர்களில் கில்பர்ட்டின் மனைவி லூசியிடம்தான் எனக்கு வேலை. லெஸ்லி மான்வில் நடித்திருக்கிறார். வீட்டில் எல்லாரும் கிட்டி என்று அழைப்பார்கள். கில்பர்ட் தம்பதிக்குக் குழந்தை இல்லை. வெற்றி கிடைத்தும் மனம் நிறையாமல் படுக்கையறையில் உட்கார்ந்திருக்கும் கணவனிடம், உங்கள் அடுத்த நாடகம் இப்படி இருந்தால் என்ன என்று ஒரு கதை சொல்லத் தொடங்குகிறார் கிட்டி. வேடிக்கையாகத் தொடங்குகிறது. போகப்போகத் தாதிகள் வருகிறார்கள், குழந்தை இல்லாத தள்ளுவண்டிகள் வருகின்றன. தலைகீழ் உலகம்தான், கில்பர்ட்டின் பாணிதான், ஆனால் ஒவ்வொரு பொருளிலும் வலி இருக்கிறது. சல்லிவன் கேட்டாரே, மனித உணர்ச்சிக்கு இடமுள்ள கதை, அது இங்கே அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேடையில் கோரஸின் பேச்சைக் கேட்ட மனிதர், சல்லிவனின் மறுப்பைக் கடைசியில் கேட்டு எழுதிய மனிதர், இதைக் கேட்கிறார். ஆனால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த உரையாடல் மைக் லீயும் நடிகர்களும் உருவாக்கியது. சரித்திரச் சான்று கிடையாது. அதற்குப் பிறகு உண்மையில் கில்பர்ட் எழுதியது என்ன என்பதற்குச் சான்று உண்டு. சல்லிவனோடு அவர் அடுத்துச் செய்த 'ருடிகோர்' 1887 ஜனவரியில் அரங்கேறியது. சுவரில் தொங்கும் முன்னோர்களின் ஓவியங்கள் உயிர்பெற்று இறங்கிவரும் கதை. 1869-இல் வேறோர் இசையமைப்பாளருக்காகத் தாமே எழுதிய ஒரு சிறு நாடகத்திலிருந்து அந்த உத்தியை அவர் எடுத்துக்கொண்டார்.